நீலப் பென்சிலில் எழுதிய ஓடை

எங்கள் பக்கத்தில் குற்றாலம் போய்விட்டு வருகிறவரைப் பார்த்து யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்பார்கள். தெரிந்தவர், தெரியாதவர், பஸ் கண்டக்டர், பரோட்டா மாஸ்டர், யாராக இருந்தாலும் ஈரத்தலையைக் கண்டால் இந்தக் கேள்வி வந்துவிடும். நான் பிறந்த சுரண்டையிலிருந்து குற்றாலம் பஸ்ஸில் போய்வருகிற தூரம். இந்தக் கேள்வியைக் கேட்டும் அதற்குப் பதில் சொல்லியும் வளர்ந்தவள்தான் நானும். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் எஸ்தர். நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து, அலுவலராக ஓய்வு பெற்றவள். எந்த அலுவலகம், எந்த மனைப்பிரிவு என்ற பெயரெல்லாம் இதில் வராது. அங்கே இன்னும் மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள், குடியிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு தென்காசியில் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறேன். என்னைத் தேடி வருகிறவர்கள் குறைவு. வந்தால் வரைபடம் கேட்டுத்தான் வருவார்கள்.

போன மாசியில் நஸ்ரின் என்ற பெண் போன் செய்தாள். கடையநல்லூர்க்காரி. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் திட்டமிடலும் வடிவமைப்பும் படிக்கிறாள். நானும் அதே படிப்பைப் படித்தவள் என்று யாரோ சொல்லி நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"மேடம், எங்க புராஜெக்டுக்கு குத்தாலத்தத்தான் எடுத்திருக்கோம். மேலகரத்துல இருந்து அருவி வரைக்கும். எட்டு பேரு வாரோம். பழைய பேஸ் மேப் ஏதும் இருந்தா தருவியளா?"

"என்னைக்கு வாரிய?"

"அடுத்த வாரம் மேடம். இப்பம்னா ரூம் சுளுவாக் கிடைக்கும், கூட்டம் இருக்காது. தரையும் காஞ்சு கெடக்கும், அளக்கதுக்கு வசதின்னு எங்க சார் சொன்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் பேராசிரியர் சொன்னதும் இதேதான். சீசனில் லாட்ஜ் கிடைக்காது, ரோட்டில் அளவு நாடாவை நீட்ட முடியாது, மாசியில் போங்கள், தரை காய்ந்திருக்கும். குற்றாலத்தை அளக்க வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் இல்லாத மாதம் பார்த்து வருகிறோம். முப்பது வருஷமாக ஒருவருக்கும் இது உறைக்கவில்லை என்றால் என்ன படிப்பு இது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய், "மேடம், நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டனா?" என்றாள். இல்லை தாயி, தப்பு செய்தது நான், நேரில் வா சொல்கிறேன் என்றேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் உதவி இயக்குநர் பரமசிவம் சார். குள்ளமான ஆள். வெள்ளைச் சட்டை. சிரிப்பு என்பது அவருடைய பணிப் பதிவேட்டிலேயே கிடையாது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். வரைபடத்தைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவித் துடைத்துவிட்டு வருவார். மேசையில் விரித்ததும் அதைத் தலைகீழாகத் திருப்பி வடக்கைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்துக்கொள்வார். நேராகப் பார்த்தால் எழுத்தைத்தான் வாசிப்போம், திருப்பி வைத்தால்தான் கோடு தெரியும் என்பார். ராத்தூக்கம் கெட்டு வரைந்து கொண்டுபோய்க் கொடுத்த படத்தை ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா. அதாம் பயமா இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம்தான் அதிகம்.

இடத்தைப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. எங்களில் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவார். ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார். செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு மனையைச் சுற்றி நடப்பார். பின்னால் நான் ஒரு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். மேடான மூலையைக் கண்டுபிடித்து, "ஊத்தும்மா" என்பார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண் உடனே குடிக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். மனைக்காரர் குளிர்பானம் நீட்டிக்கொண்டு நிற்பார். அவரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "தண்ணி யாரு வீட்டுக் காப்பியும் குடிக்காது" என்று ஒருமுறை சொன்னார். அதுதான் அவர் செய்த ஒரே நகைச்சுவை என்று நினைக்கிறேன்.

அது முடிந்ததும் பக்கத்து டீக்கடைக்கோ வயலுக்கோ போய் அங்கே இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "சீசன் சமயத்துல இந்த வழியா போனா செருப்பு கால்ல இருக்குமா, கையில இருக்குமா?" வெள்ளம் வருமா என்று கேட்டால் மனைக்காரருக்குப் பயந்து வராது என்பார்கள், செருப்பைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் பொய் சொல்லத் தோன்றாது என்பது அவர் கணக்கு. பதிலைத் தள ஆய்வுக் குறிப்பின் ஓரத்தில் ஒரே எழுத்தில் எழுதுவார். காலில் என்றால் 'கா'. கையில் என்றால் 'கை'. 'கை' விழுந்த மனைக்கு அவரிடம் அனுமதி வாங்கிவிட்டதாகச் சரித்திரமே இல்லை.

இப்படிப்பட்டவரிடம் ஒன்பது வருஷம் இருந்துவிட்டுத்தான், அலுவலக அனுமதியோடு இரண்டு வருஷ மேற்படிப்புக்குச் சென்னை போனேன். முப்பத்துநாலு வயதில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்களுக்கு நான் அக்கா. மண், மழை, சரிவு, காற்று என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லித்தந்தார்கள். நன்றாகத்தான் படித்தேன். சார் கேன் தண்ணீரால் செய்கிறதை இவர்கள் பத்துத் தாளில் செய்கிறார்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். திமிர்தான், வேறென்ன.

முதல் வருஷக் கடைசியில் எங்கள் வகுப்பு எடுத்துக்கொண்ட இடம் குற்றாலம். அறுவர் வந்தோம். உள்ளூர்க்காரி என்று மேலகரத்துக்கு மேலே இருக்கும் வயல்காட்டை எனக்கு ஒதுக்கினார்கள். மாசி வெயில். அருவிப் பாறையில் காக்கா உட்கார்ந்திருந்தது. என் பகுதியில் மலைப் பக்கமிருந்து ஒரு பள்ளம் வளைந்து வளைந்து இறங்கி மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் முடிந்தது. இடுப்பு ஆழம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பத்து எட்டு வைக்க வேண்டும். அடியில் ஆடு படுத்திருந்தது. ஆட்கள் அதற்குள்ளேயே நடந்து பஸ்ஸுக்குப் போனார்கள். பள்ளத்தின் கரையில் ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இது என்ன, பாதையா?"

"நாங்க நடக்கது இதுலதான்."

"மழைக்காலத்துல?"

அவள் நிமிர்ந்து என்னையும் என் அளவு நாடாவையும் பார்த்துச் சிரித்தாள். "ஆடியில வந்து பாருங்க தாயி. நான் என்னத்தச் சொல்லட்டும்."

காலுக்கடியில் பார்த்தேன். கூழாங்கல். ஒன்றிலும் முனை இல்லை, எல்லாம் உருண்டை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சந்தேகம் வந்துவிட்டது என்பது சத்தியம். ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு விதி இருந்தது. கண்ணால் கண்டதை மட்டும் மையில் போடு, கேள்விப்பட்டதைப் பென்சிலில் எழுது. நான் கண்ணால் கண்டது ஆள் நடப்பதை. தண்ணீரை நான் காணவில்லை. ஆகவே இரட்டைப் புள்ளிக்கோடு போட்டுப் பாதை என்று மையில் எழுதினேன். பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: 'பாதை அல்ல? ஓடையாக இருக்கலாம். ஆழம் இடுப்பளவு. சீசனில் வந்து பார்க்க.'

எந்தப் பென்சில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வரைவாளர் மேசையில் வெளிர்நீலப் பென்சில் ஒன்று எப்போதும் கிடக்கும். ட்ரேசிங் தாளில் அதால் எழுதியது கண்ணுக்குத் தெரியும், அதிலிருந்து அம்மோனியா பிரிண்ட் என்று நகல் எடுத்தால் விழாது. அதற்காகவே அதை வைத்திருப்போம். சொந்தக் குறிப்பு, கூட்டல் கழித்தல், காப்பி வாங்கிவரச் சொல்ல வேண்டியவர் பெயர் எல்லாம் அதில்தான். பழக்கதோஷத்தில் என் கை அந்தப் பென்சிலைத்தான் எடுத்தது. பழக்கதோஷம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்குனியில் படத்தை ஒப்படைத்தாக வேண்டும், சந்தேகத்தைக் கறுப்புப் பென்சிலில் எழுதினால் பிரிண்டில் விழும், போய் முடித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

படத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. படிப்பு முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பியதும் பிரிண்டுகளைச் சார் மேசையில் வைத்தேன். கை கழுவிவிட்டு வந்தார். தலைகீழாகத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்கும்மா. நம்மகிட்ட அந்தப் பக்கத்துக்குச் சரியான படம் கெடையாது. ஒரு செட்டு இங்கன இருக்கட்டும்" என்றார்.

அவர் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று, அதாம் பயமா இருக்கு என்ற வால் இல்லாமல், அன்றைக்குத்தான் கேட்டேன். சார், அந்தப் பாதையைப் பற்றி ஒரு சந்தேகம் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷ சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. மூல ட்ரேசிங்கைத் தகரக் குழாயில் சுருட்டிச் சுரண்டையில் வீட்டுப் பரணில் போட்டேன். ஆறு மாதத்தில் எனக்கு மாறுதல் வந்தது. அதன்பிறகு நாகர்கோவில், மதுரை, சேலம் என்று ஊர் ஊராகப் போனேன். இடையில் சார் ஓய்வு பெற்றார், காலமும் ஆனார். நான் பழைய அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஓய்வுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை.

வந்த வருஷம் கார்த்திகையில் அந்த மழை பெய்தது.

காலை எட்டு மணி இருக்கும். மலைமேல் விடியவிடியக் கொட்டியது ஊருக்குள் அப்போதுதான் இறங்கியது. நான் பெயர் சொல்லாத அந்த மனைப்பிரிவின் நடுரோட்டில் தண்ணீர் மண்ணும் மரமுமாக வந்து, கடைக்கோடியில் ரோடு வளைகிற இடத்தில் வளையாமல் நேராக ஒரு வீட்டுக்குள் புகுந்தது. மதில் சாய்ந்தது. அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்ற அம்மாவின் கால்மேல் சுவர் விழுந்து எலும்பு இரண்டாக முறிந்தது. அவருடைய வீட்டுக்காரர் சங்கரபாண்டி, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார்.

தண்ணீர் வடிந்த பின் நான் இடம் பார்க்கப் போனேன். அவர் சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். உக்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்ல. ஆத்தோட போயிட்டு."

"இதுக்கு முன்னால தண்ணி வந்திருக்கா அண்ணாச்சி?"

"ஆடி வந்தா ரோட்டுல கரண்டக்கால் அளவுக்கு ஓடும். தெளிஞ்ச தண்ணி. எங்க தெருவுக்கே குத்தாலம் வருதுன்னு பிள்ளைய கேலி பேசும். மேல தோப்பும் வயலுமா கெடந்த வரைக்கும் பரவிப் போயிட்டு. அங்கன பூரா மதிலைக் கட்டிட்டானுவ. இப்பம் எல்லாம் ஒரே வழியா வருது."

என்னவோ ஒரு இது எனக்குள் அப்போதே தட்டியது. ஆனால் வயல் இல்லை, பள்ளம் இல்லை, ஆடு இல்லை. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் தார் ரோடு. எந்த இடத்தில் நிற்கிறேன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டே வாரத்தில் அவருக்கு நோட்டீஸ் வந்தது. வீடு கட்டும்போது ரோட்டோரம் இருந்த ஓடையை மண்ணடித்து மூடிவிட்டார், அதனால்தான் தண்ணீர் திரும்பியது, அவர் நீர்வழி ஆக்கிரமிப்பாளர், வீடு இடிக்கப்படும் என்று நோட்டீஸ். யாரோ கொடுத்த மனுவின்மேல் நடவடிக்கை. அவர் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இருபத்தோரு வருசம் எல்லையில நின்னேன் மேடம். எல்லை தாண்டுனவன்னு எனக்கே எழுதி அனுப்பிருக்காவ. வீடு போனா போட்டும். இந்தப் பேரோட நான் எப்படி ஊருக்குள்ள நடப்பேன்? நான் வாங்கும்போது ஓடையும் இல்ல ஒண்ணும் இல்ல. அங்கீகாரம் வாங்குன மனைன்னு சீல் வச்ச படத்தப் பாத்துட்டுத்தான வாங்குனேன்?"

கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன் அண்ணாச்சி என்று அனுப்பிவிட்டு, பதிவறையிலிருந்து அந்த மனைப்பிரிவின் கோப்பை எடுத்துவரச் சொன்னேன். மதியச் சாப்பாடு முடிந்து பிரித்தேன். அனுமதி ஆணை, மனு, புல வரைபடம், அதற்கு அடியில் மடித்து வைத்த ஒரு பழுப்பேறிய பிரிண்ட். விரித்தேன்.

அதில் இருந்தது என் கையெழுத்து.

தென்னைக்கு நான் ஐந்து மடல்தான் போடுவேன், மற்றவர்கள் எட்டுப் போடுவார்கள். 'ழ'வின் வாலை நீட்டிவிடுவேன். அவ்வளவும் அப்படியே இருந்தன. என் கல்லூரிப் படம், அனுமதிக் கோப்பில் அடிப்படை வரைபடமாக உட்கார்ந்திருந்தது. மலைப் பக்கமிருந்து இரட்டைப் புள்ளிக்கோடு வளைந்து இறங்கியது. அதன்மேல் சிவப்பு மையில் யாரோ அழுத்திக் கோடு போட்டு, 'ஏற்கெனவே உள்ள பாதை, அகலப்படுத்தி முதன்மைச் சாலை' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நான் நீலத்தில் எழுதிய குறிப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஓடையை மூடியது ஹவில்தார் இல்லை. ஓடைமேலேயே ரோடு போட்டிருக்கிறார்கள், என் படத்தைப் பார்த்து.

அப்போதும் எனக்கு ஒரு பிடி இருந்தது. சார் இடத்தைப் பார்த்திருப்பார், தண்ணீர் ஊற்றியிருப்பார், செருப்பைக் கேட்டிருப்பார், அவர் பார்த்தும் தப்பியிருந்தால் நான் என்ன செய்ய என்று தள ஆய்வுக் குறிப்பைத் தேடினேன். ஓரத்தில் 'கா'வும் இல்லை, 'கை'யும் இல்லை. சாருடைய பச்சை மையில், பொடி எழுத்தில், ஒரு வரி இருந்தது.

'வரைபடம் எஸ்தர் வரைந்தது. தள ஆய்வு தேவையில்லை.'

அந்த மனிதர் வாழ்நாளில் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது ஒன்றாகத்தான் இருக்கும். பெற்ற மகன் படம் வரைந்து கொண்டுவந்திருந்தாலும் கேனைத் தூக்கச் சொல்லியிருப்பார். என்னை நம்பியிருக்கிறார். ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் மறுநாளே செருப்பை ஜீப்பில் விட்டுவிட்டு அந்தப் பள்ளத்தில் இறங்கியிருப்பார்.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். பிரிண்டைப் பார்க்கிறவர்களுக்கு மாணவி ஒருத்தி பாதையைப் பாதை என்று போட்டிருக்கிறாள், அவ்வளவுதான் தெரியும். நீலப் பென்சில் குறிப்பு இருப்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பரணில் இருக்கிற தகரக் குழாய் அங்கேயே துருப்பிடித்துப் போனால் எனக்கு ஒரு குறையும் வராது. ஆனால் பாதையோரம் தனியாக ஓடை இருந்தது, அதை ஹவில்தார் மூடினார் என்று விசாரணையில் சொன்னால், அது இல்லை என்று நிரூபிக்க அந்த மனிதரிடம் ஒரு காகிதமும் கிடையாது. பள்ளமேதான் பாதை, பாதையேதான் ஓடை என்று ஆழத்தோடு எழுதி வைத்த ஒரே தாள் என் வீட்டுப் பரணில் இருந்தது. மூன்றாம் நாள் சுரண்டைக்கு பஸ் ஏறினேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி, அவருடைய எழுத்தர், ஹவில்தார், நான். பேச்சியம்மாள் வாக்கர் பிடித்து ஒவ்வொரு அடியாக வந்து உட்கார்ந்தார். காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். நான் குழாயைத் திறந்து ட்ரேசிங்கை மேசையில் விரித்தேன். சுருண்டுகொண்டே போன தாளின் ஒரு முனையை ஹவில்தாரே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நீல எழுத்து மங்கவே இல்லை. அதிகாரி சத்தமாக வாசித்தார். பாதை அல்ல? ஓடையாக இருக்கலாம். ஆழம் இடுப்பளவு. சீசனில் வந்து பார்க்க.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார். படமும் நான் போட்டதுதான். இந்தக் குறிப்பு பிரிண்டுல விழாதுன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். அலுவலகத்துல படத்தைக் குடுக்கும்போதும் சொல்லல. இவரு மனை வாங்குறதுக்கு முன்னாலயே ஓடைமேல ரோடு போட்டாச்சு. இவரு மூடறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இல்ல."

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஹவில்தார் தாளிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சியம்மாள்தான் பேசினார். சண்டைக் குரல் இல்லை. புரியாததைக் கேட்கிற குரல்.

"நீங்க எந்தூரு?"

"சுரண்டை."

"இந்தா இருக்கு சுரண்டை. ஆடியில ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்லா. அந்த வருசம் நீங்க குத்தாலத்துக்கு வரவே இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

"வந்தேன். அருவியில குளிக்க வந்தேன்."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, வாய்ப் பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டார்.

"தண்ணி விழுந்துதா?"

நான் குனிந்து தகரக் குழாயின் மூடியைத் தேடினேன்.

ஆக்கிரமிப்பாளர் என்ற சொல்லை எடுத்துவிட்டு நோட்டீஸைத் திருத்தி எழுதினார்கள். வீடு மிஞ்சவில்லை. தண்ணீருக்கு வழி வேண்டும், அது அந்த வீட்டின் வழியாகத்தான் போயாக வேண்டும். அவருக்கு மாற்று மனை கொடுக்க உத்தரவானது. எனக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன், ஓய்வு பெறும் வாரத்தில் எச்சரிக்கையோடு முடித்துக்கொண்டார்கள். இதை அநியாயம் என்று சொன்ன நண்பர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு லேசாக விட்டுவிட்டார்களே என்றுதான் இன்றைக்கும் திகைப்பாக இருக்கிறது.

மாசியில் நேரில் வந்து இவ்வளவையும் கேட்டுவிட்டு நஸ்ரின், "எங்களுக்கும் பங்குனியிலதான் மேடம் முடிக்கணும். ஆடின்னா அடுத்த வருசக் கிளாஸ் தொடங்கிரும். சார் ஒத்துக்க மாட்டாரு" என்றாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் நீயாவது வா, லாட்ஜ் வேண்டாம், இந்த மாடியில் படுத்துக்கொள் என்றேன். ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், தனியாக. ஹவில்தார் வீடு இருந்த அந்த வளைவில் இப்போது ஓடை ஓடுகிறது. கரையில் நின்று அளந்தாள், கறுப்பு மையில் எழுதிக்கொண்டாள். போகும்போது, "அன்னைக்கு அந்தம்மா கேட்டதுக்கு ஏன் மேடம் பதில் சொல்லாம இருந்திய?" என்று கேட்டாள். அன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். விசாரணையில் சொல்லாததை, அவளிடமும் சொல்லாததை, இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஆடியில், படத்தை ஒப்படைத்து நாலு மாதம் கழித்து, தங்கை குடும்பத்தோடு மெயின் அருவியில் குளித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். சாரல் அடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பள்ளம் முடிகிற நிறுத்தத்தில் பஸ் நின்றது. இரண்டு பெண்கள் ஏறினார்கள். முழங்கால் வரை சேலை நனைந்திருந்தது. இரண்டு பேருக்கும் செருப்பு கையில் இருந்தது. பரமசிவம் சாரிடம் ஒன்பது வருஷம் கேன் தூக்கியவள், அதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒருத்தி என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று என் ஈரத்தலையைப் பார்த்தாள்.

"தண்ணி விழுதா தாயி?"

"நல்லா விழுதுக்கா" என்று சொல்லி, அவள் உட்காருவதற்கு நகர்ந்து இடம் கொடுத்தேன்.